ஏன் எல்லாப் பள்ளியிலும் பிரெஞ்சு?

மே மாதம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போய் நின்றால், குரூப் முடிவானதும் அடுத்த கேள்வி இதுதான்: "லாங்குவேஜ் தமிழா, பிரெஞ்சா?" சில பள்ளிகளில் இந்தியும் சமஸ்கிருதமும் படிவத்தில் இருக்கும். ஸ்பானிஷைப் பார்ப்பது அபூர்வம். இத்தனைக்கும் ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பிரெஞ்சுக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம். இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார்த் தொழிற்சாலை 1998-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வேலை கொடுக்கிறவர் பேசுவது ஒரு மொழி, பள்ளிப் படிவத்தில் இருப்பது இன்னொரு மொழி.

பிரெஞ்சு ஐ.நா. மொழி, கனடா போக உதவும் என்றெல்லாம் ப்ராஸ்பெக்டஸில் அச்சடித்திருப்பார்கள். பொய் இல்லை, ஆனால் அது காரணமும் இல்லை. முடிவெடுத்த பிறகு தேடிப் பிடித்த விளக்கம் அது. ஒரு பள்ளியில் எந்த வெளிநாட்டு மொழி நுழையும் என்பதைத் தேர்வு முறையும் ஆசிரியர் கிடைப்பதும் டைம்டேபிளும்தான் தீர்மானிக்கின்றன. எப்போதாவது ஒரு அரசாங்கம் பணத்தோடு வந்தால் கணக்கு மாறும். அந்தப் பணம் நின்றால் மறுபடியும் மாறும்.

முதலில் தேர்வு. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. ஆனால் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் வெகுகாலம் முதல் மொழியாகத் தமிழை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறாம் வகுப்பிலேயே இந்தியோ பிரெஞ்சோ எடுத்து, தமிழ் எழுத்துக்கூட்டாமலே பத்தாவது முடித்தவர்கள் உண்டு. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் அதை மாற்றியது. 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. அதோடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது வரை முதல் மொழியாகப் பிரெஞ்சுக்கு இருந்த வாசல் சாத்தப்பட்டது. அங்கே திறந்திருப்பது பதினொன்றும் பன்னிரண்டும்தான். அதனால்தான் மேல்நிலைச் சேர்க்கை மேசையில் இந்தக் கேள்வி இவ்வளவு பலமாகக் கேட்கிறது. பத்து வருஷம் தமிழ் படித்த பிள்ளை, இரண்டே வருஷத்துக்கு ஒரு புது மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது.

ஏன் தொடங்க வேண்டும்? "மார்க் வரும்" என்பார்கள். அது பாதி உண்மை. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும்தான் சேரும்: கணக்கு முழுதாக 100, மற்ற இரண்டும் 50, 50. மருத்துவத்துக்கு நீட். மொழிப்பாடத்தில் 70 வாங்கினாலும் 98 வாங்கினாலும் சீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் மிச்சமாவது மதிப்பெண் அல்ல, நேரம். தமிழ்ப் பாடத்தில் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம், மனப்பாடப் பகுதி என்று படிக்க நிறைய இருக்கிறது. தொடக்கநிலைப் பிரெஞ்சில் பாடம் சின்னது, கேள்விகளின் வார்ப்பு மாறாது. இயற்பியலுக்கு வாரத்தில் நாலு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் உண்மையான கவர்ச்சி. மொழியைக் குறைவாகப் படிப்பதற்காக ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்!

1200 மதிப்பெண் காலத்தில் மொழிக்கு 200 இருந்தது, இரண்டு தாள். 2019 மார்ச் தேர்விலிருந்து மொத்தமே 600, மொழிக்கு 100. மாநில ரேங்க் அறிவிப்பதையும் 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே "டோட்டல் தூக்கும்" என்ற பழைய வாதத்தின் பல் விழுந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென் கொரியாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பாருங்கள். அதில் இரண்டாம் வெளிநாட்டு மொழி என்று ஒரு விருப்பத் தாள் உண்டு: ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், சீனம், ஜப்பானியம், ரஷ்யன், அரபி, வியட்நாமியம். 30 கேள்வி, 50 மதிப்பெண். தரம் ஒப்பீட்டு முறையில் வந்தது, முதல் 4 சதவீதத்துக்குள் வந்தால் முதல் தரம். ஜப்பானியத் தாளில் சிறு வயதிலிருந்து அனிமே பார்த்து வளர்ந்த கூட்டத்தோடு மோத வேண்டும். அரபியிலோ எதிரில் நிற்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் எழுத்து பழகியவன் ராஜா. அரபித் தாள் அறிமுகமானபோது எழுதியவர்கள் சில நூறு பேர்தான். 2010-களின் பிற்பகுதியில் அந்த விருப்பத் தாள் எழுதியவர்களில் பத்துக்கு ஏழு பேர் அரபி! நாடு முழுக்க அரபி சொல்லித்தந்த உயர்நிலைப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேள்விக்கு ஐந்து விடை என்பதால், கண்ணை மூடி ஒரே எண்ணை அடித்துக்கொண்டே போனாலும் சராசரியாக 50-க்கு 10 வரும். மற்றவர்களும் அதே நிலைமை என்றால் அந்தப் பத்துக்கே ஒரு நடுத்தரத் தரம் கிடைக்கும். "அரபி லாட்டரி" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 2021 நவம்பர் தேர்விலிருந்து ஒப்பீட்டை விட்டுவிட்டு 45 அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் முதல் தரம் என்று மாற்றியதும் லாட்டரி கலைந்தது. அரபியின் அழகோ வளைகுடாவின் எண்ணெயோ அதில் எங்கும் வரவில்லை. எல்லாம் தரவரிசைச் சூத்திரம்.

சரி, நம் பிரெஞ்சுக்கு வருவோம். எழுத்துத் தேர்வு மட்டும் இருந்தால் அந்த மொழி வகுப்பில் என்ன ஆகிறது என்பதை ஒரே வினைச்சொல்லில் காட்டலாம். "பேசு" என்பதற்குப் பிரெஞ்சு வினை பார்லே. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் மூன்றுக்கும் வாயில் வருவது ஒரே ஒலி: பார்ல். ஆனால் எழுதும்போது ஒன்றுக்கு இ, ஒன்றுக்கு இ-எஸ், ஒன்றுக்கு இ-என்-டி. கடைசி எழுத்துகள் ஊமை. பேசிப் பழகுகிற குழந்தைக்கு இது பிரச்சினையே இல்லை, ஒரு ஒலி போதும். எழுதி மட்டும் பழகுகிற குழந்தைக்கு இது மூன்று தனித்தனி மனப்பாடம். வினாத்தாளில் கோடிட்ட இடம் நிரப்புவது அந்த ஊமை எழுத்துகளைத்தான். ஆகவே வகுப்பு முழுக்க ஊமை எழுத்துக்கே உழைக்கிறது, காது ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்தது இறந்தகாலம். பெரும்பாலான வினைகளுக்கு "கொண்டிரு" (ஆங்கில "ஹேவ்" போன்றது) என்ற துணைவினை, போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற பதினைந்து சொச்சம் வினைகளுக்கு "இரு" என்ற துணைவினை. இரண்டாவது வகையில் எழுவாய் பெண்ணானால் வினையின் வாலில் ஒரு எழுத்து கூடும், பன்மையானால் இன்னொன்று. தேர்வில் இதைக் கேட்காத ஆண்டு இருக்காது. அந்தப் பட்டியலைப் பாட்டாகவே பாடுவார்கள் பிள்ளைகள். ஆனால் "நேற்று எங்கே போனாய்?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தாள், 20 பள்ளிக்குள் போடுவது. கேட்டலும் பேசுதலும் அந்த 20-க்குள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். எண்பது சொல்லில் நண்பனுக்குக் கடிதம் என்றால் பிறந்தநாள் அழைப்பு, விடுமுறை, புது வீடு, பள்ளிச் சுற்றுலா. நாலு கடிதத்தை வரி பிசகாமல் உருப்போட்டால் போதும். விடைத்தாள் திருத்துகிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள், அறுபது மாணவர்கள் ஒரே மாமாவோடு ஒரே கடற்கரைக்கு விடுமுறைக்குப் போயிருப்பார்கள்.

இதற்கெல்லாம் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியர் கிடைத்ததே பெரிய விஷயம். பிரெஞ்சு ஆசிரியர் மட்டும் எப்படிக் கிடைக்கிறார்? புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது. 1954-ல் ஆட்சி கைமாறி, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஊர். அங்குள்ள லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி 1826-லிருந்து நடக்கிறது. சென்னையில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1953-லிருந்து இருக்கிறது. இதைவிட முக்கியம், நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பின் முதல் பகுதி மொழியாகப் பிரெஞ்சை எடுக்கலாம். அதனால் கல்லூரிகளுக்குப் பிரெஞ்சு விரிவுரையாளர் தேவை, அதற்காக எம்.ஏ. பிரெஞ்சு படிக்கிறார்கள், கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள், பள்ளியில் பிரெஞ்சு படித்த பிள்ளை கல்லூரியிலும் அதையே எடுக்கிறது. வட்டம் தானாகச் சுற்றுகிறது. ஸ்பானிஷுக்கு இந்த வட்டத்தின் ஒரு கண்ணி கூட இங்கே இல்லை. மொழி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேரளத்தில் இதே வட்டம் அரபிக்குச் சுற்றுகிறது. அங்கே அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பிலிருந்தே அரபி உண்டு, ஆசிரியரை அரசு நியமிக்கிறது. வளைகுடா வேலைவாய்ப்பு பெருகுவதற்கு வெகு முன்பே அரபி ஆசிரியர் என்ற பணியிடம் இருந்தது. 1980-ல் அந்தப் பணியிடங்களுக்குப் புது நிபந்தனைகள் போட்டபோது மலப்புறத்தில் போராட்டம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் மூன்று இளைஞர்கள் செத்தார்கள். பணியிடம் என்பது அவ்வளவு கெட்டியான விஷயம். மொழி புத்தகத்தில் வாழ்வதைவிட சம்பளப் பட்டியலில்தான் உறுதியாக வாழ்கிறது.

கிடைத்த ஆசிரியர் தங்குவாரா என்பது தனிக் கதை. நன்றாகப் பிரெஞ்சு, ஜெர்மன் பேசத் தெரிந்தவருக்கு ஐ.டி. நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு வேலையும் "பிரெஞ்சு ப்ராசஸ்" வேலையும் காத்திருக்கின்றன. பள்ளிச் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது. டிசம்பரில் அவர் கிளம்பினால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மார்ச் வரை பழைய நோட்ஸோடு உட்கார்ந்திருப்பார்கள். மேலும் மொழியில் பட்டம், பி.எட்., இரண்டும் உள்ளவர் குறைவு. அலியான்ஸிலோ, ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ் முல்லர் பவனிலோ பி2 (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழி அளவுகோலில் நாலாவது படி) முடித்தவரிடம் மொழி இருக்கும், பி.எட். இருக்காது. பி.எட். உள்ளவரிடம் சில சமயம் மொழி இருக்காது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கோப்பில் தேடுவது பி.எட்.-டைத்தான்.

அடுத்து டைம்டேபிள். வெளியில் இருப்பவர்களுக்கு இதுதான் புரிவதில்லை. "இருபது பேர் ஸ்பானிஷ் கேட்கிறோமே, ஆரம்பித்தால் என்ன?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பார்கள். இரண்டாம் மொழிப் பீரியட் என்பது பிளாக். ஒன்பதாம் வகுப்பில் ஏ, பி, சி மூன்று பிரிவும் ஒரே மணிக்கு எழுந்து, தமிழ் எடுத்தவர்கள் ஒரு அறைக்கும், இந்தி ஒரு அறைக்கும், பிரெஞ்சு ஒரு அறைக்கும் பிரிய வேண்டும். அந்த நேரத்தில் மூன்று மொழி ஆசிரியர்களும் ஒரே சமயத்தில் காலியாக இருக்க வேண்டும். நாலாவதாக ஸ்பானிஷ் வந்தால் நாலாவது அறை, நாலாவது ஆசிரியர். அந்தப் பிளாக்கை வைத்த பிறகுதான் ஆய்வகம், விளையாட்டு, கணினி எல்லாம் இடம் பிடிக்கும். பிளாக்கை ஒரு பீரியட் நகர்த்தினால் மொத்த டைம்டேபிளும் அவிழும்.

இப்போது ஒரே ஒரு பிரெஞ்சு ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். 6, 7, 8-ல் வாரம் மூன்று பீரியட் என்றால் 9. ஒன்பது, பத்தில் ஐந்து வீதம் 10. பதினொன்று, பன்னிரண்டில் ஆறு வீதம் 12. கூட்டினால் 31. பல பள்ளிகளில் ஒருவருக்கு 28 பீரியடுக்கு மேல் போட்டாலே முகம் சுருங்கும். அதாவது ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரு மொழியை ஒழுங்காகக் கொண்டுபோக ஒரு ஆசிரியர் போதாது, இரண்டு பேருக்கோ வேலை இல்லை. இந்த மூன்று பீரியடை எங்கே வெட்டுவது? பொதுவாக ஆறாம் வகுப்பில் வெட்டுவார்கள், அடித்தளம் போடும் இடத்தில்.

மணிக்கணக்கையும் போட்டுவிடலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், வாரம் ஐந்து நாள் என்று பார்த்தால் 44 வாரம். தேர்வு, ஆண்டுவிழா, விளையாட்டு விழா, மழை விடுமுறை போனால் 36 வாரம் மிஞ்சும். வாரத்துக்கு 40 நிமிஷத்தில் மூன்று பீரியட், அதாவது 2 மணி நேரம். ஆண்டுக்கு 72. மூன்று ஆண்டுக்கு 216 மணி. ஐரோப்பிய அளவுகோலில் ஏ2 தொடுவதற்குச் சுமார் 200 மணி நேரம் என்பார்கள். அப்படியானால் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது ஏ2 வந்திருக்க வேண்டுமே? வராது. அந்த 200 மணி பன்னிரண்டு பதினைந்து பேர் உட்காரும் வகுப்புக்கான கணக்கு. நம் வகுப்பில் 40 பேர். நாற்பது நிமிஷத்தில் வருகைப்பதிவும் ஹோம்வொர்க் திருத்தலும் பத்து, ஆசிரியர் விளக்கம் பதினைந்து போனால், மிச்சம் 15 நிமிஷம். தலைக்கு 22 வினாடி. அந்த 22 வினாடியில்தான் ஒரு குழந்தை பிரெஞ்சு பேச வேண்டும். "போன்ஜூர் மதாம்" சொல்லி உட்கார்ந்தால் முடிந்தது.

சிங்கப்பூர் இதற்கு வேறு வழி கண்டது. பள்ளிக்குப் பள்ளி பிரெஞ்சு ஆசிரியர் தேடாமல், 1978-ல் கல்வி அமைச்சே ஒரு மொழி மையத்தைத் தொடங்கி, பல பள்ளிகளின் பிள்ளைகளையும் பள்ளி நேரத்துக்குப் பிறகு அங்கே வரவைத்தது. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், பிறகு ஸ்பானிஷ். தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுத்த பிள்ளை அதை விடாமல் மூன்றாம் மொழியாக இதை எடுக்கலாம். பிளாக் தொல்லை இல்லை, பள்ளிக்கு ஐந்து பேர் என்றாலும் மையத்தில் சேர்ந்து ஒரு முழு வகுப்பாகிவிடும். அண்ணாநகரைச் சுற்றி எத்தனை பள்ளிகள் இருக்கின்றன! நாலு பள்ளிகள் சேர்ந்து சனிக்கிழமை ஒரு ஜப்பானிய வகுப்பு நடத்துவதைத் தடுப்பது பள்ளிகளுக்கிடையே உள்ள போட்டி மட்டுமே.

இனி பணமும் அரசியலும். 2011-ல் கேந்திரிய வித்யாலயா அமைப்பும், ஜெர்மன் மொழியைப் பரப்பும் கோத்தே நிறுவனமும் ஒப்பந்தம் போட்டு, ஆறு முதல் எட்டு வரை சமஸ்கிருதத்துக்குப் பதிலாக ஜெர்மன் எடுக்கலாம் என்றார்கள். ஆசிரியர் பயிற்சி ஜெர்மன்காரர்கள் செலவு. அதனால் பள்ளிகளில் சட்டென்று ஜெர்மன் பரவியது. 2014 அக்டோபரில், கல்வியாண்டின் நடுவில், மூன்றாம் மொழி இந்திய மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தைத் தொடர மறுத்தார்கள். எழுபதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் பாதி வருஷத்தில் ஜெர்மனிலிருந்து சமஸ்கிருதத்துக்கு மாற வேண்டிய நிலை. பிரிஸ்பேனில் ஜி-20 மாநாட்டில் மெர்க்கல் மோடியிடமே பேசினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கடைசியில் அந்த ஆண்டுக்கு மட்டும் சமஸ்கிருதத் தேர்வு கிடையாது என்று முடிந்தது. மறு ஆண்டு ஜெர்மன் கூடுதல் மொழியாகத் திரும்பி வந்தது. எது சரி என்ற விவாதம் இருக்கட்டும், கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒப்பந்தத்தில் வரும் மொழி ஒப்பந்தத்தோடு போகும்.

சீனத்துக்கு இதைவிடச் சுருக்கமான ஆயுள். 2010-ல் கபில் சிபல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மாண்டரின் வரும் என்று அறிவித்தார். 2019-ல் வெளியான கல்விக் கொள்கை வரைவில் சீனம் இருந்தது. 2020-ல் இறுதிக் கொள்கை வந்தபோது பட்டியலில் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன் எல்லாம் இருந்தன, சீனம் இல்லை. அந்தக் கோடையில்தான் எல்லையில் சீனப் படையோடு கல்வான் மோதல். அமெரிக்காவிலும் இது நடந்ததுதான். முதல் உலகப் போருக்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஜெர்மன் படித்தார்கள், 1922-ல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நெப்ராஸ்காவில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் சொல்லித்தந்த மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் போட்டார்கள். அதை ரத்துசெய்ய 1923-ல் உச்ச நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது. அதற்குள் ஆசிரியர் வட்டம் அறுந்துவிட்டது. பிறகு ஜெர்மன் பழைய இடத்தைப் பிடிக்கவே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவில்லை. எந்த மொழி கஷ்டம், எந்த மொழி சுலபம் என்பதற்கு நம் பள்ளிகள் ஆங்கிலேயர் அளவுகோலையே வைத்திருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிலையம் பிரெஞ்சை எளிய வகையிலும், ஜப்பானியத்தை 2200 மணி நேரம் பிடிக்கும் மிகக் கடின வகையிலும் வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் மட்டும் தெரிந்து வளர்ந்தவருக்கான கணக்கு. தமிழ்ப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. "நான் நாளை சென்னைக்குப் போகிறேன்" என்பதை ஜப்பானியத்தில் "வதாஷி வா அஷிதா சென்னை நி இகிமாஸ்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வினை கடைசியில். "கு"-வுக்கு நி. "தண்ணீரைக் குடிக்கிறேன்" என்றால் "மிஸு ஓ நொமிமாஸ்", ஐ-க்கு ஓ. "நானும்" என்றால் "வதாஷி மோ", உம்-முக்கு மோ. "போகிறீர்களா?" என்று ஆகாரம் சேர்ப்பது போல "இகிமாஸ் கா?". ஆங்கிலேயர் ஆறு மாதம் முட்டிக்கொள்ளும் இடத்தை நம் பிள்ளை ஒரு வாரத்தில் தாண்டும். ஆண்பால் பெண்பால் வேறுபாடும் இல்லை, எண்ணுக்கேற்ப வினை மாறுவதும் இல்லை. மேசையைப் பெண்ணாக்கும் பிரெஞ்சும், சிறுமியை அஃறிணையில் வைக்கும் ஜெர்மனும் பகுத்தறிந்து திணை பிரிக்கும் தமிழ் மூளைக்குத்தான் விசித்திரம். ஜப்பானியத்தில் உண்மையான சுமை எழுத்து. ஹிரகானா 46, கதகானா 46, இவை ஒரு மாதம். பிறகு கான்ஜி, தொடக்கநிலைக்கே நூறு, அடுத்த நிலைக்கு முந்நூறு, நாளேடு படிக்க இரண்டாயிரத்துக்கு மேல். இதற்கு மூன்றாண்டுத் தொடர்ச்சி வேண்டும், இரண்டாண்டுப் பதினொன்று-பன்னிரண்டில் ஆகாது. எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் பிள்ளைக்கு எளிதான பேச்சுப் பக்கம் வீணாகி, கடினமான எழுத்துப் பக்கமே மதிப்பெண்ணைத் தின்னும்.

பள்ளி மொழி வெளிநாட்டுப் படிப்புக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி, பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஆனால் அங்கே இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மனிலேயே நடக்கும், சி1 அளவுக்குக் கேட்பார்கள். செவிலியர் வேலைக்குப் பொதுவாக பி2. பள்ளியில் முழுசாகப் படித்தால் ஏ2-க்கு வரலாம். நடுவில் உள்ள தூரத்தைத் தனியாகத்தான் கடக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழை வெளிநாட்டில் யாரும் மொழித்தகுதியாக எடுக்க மாட்டார்கள், ஜெர்மனுக்குக் கோத்தே, பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி. போன்ற தேர்வுகளைத்தான் கேட்பார்கள். ஆகவே பள்ளி நடத்துகிறவர்கள் அந்தத் தேர்வுகளை நோக்கி வகுப்பைத் திருப்பினாலே பாதி கோளாறு தீரும். டெல்ஃப் ஏ1-ல் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நாலுக்கும் தலா 25. மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. இந்த ஐந்து மதிப்பெண் விதிதான் உருப்போட்டவரைப் பிடித்துவிடும்.

தமிழை விட்டுவிட்டு எடுக்கலாமா என்றால், அதற்கும் ஒரு விலை உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இப்போது தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். அதில் குறைந்தது 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாவது வரை தமிழ் படித்தவர் இதைச் சமாளிப்பார். வெளிமாநிலத்தில் பிரெஞ்சும் இந்தியும் மட்டும் படித்துத் திரும்பிய பிள்ளை இருபத்திரண்டு வயதில் மறுபடியும் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சேர்க்கும் முன் பள்ளியில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. அந்த மொழி எந்த வகுப்பு வரை உண்டு? ஆசிரியர் எத்தனை வருஷமாக இருக்கிறார், போனால் அடுத்து யார்? போன ஆண்டு பத்தாவதில் எத்தனை பேர் எழுதினார்கள்? ஆறு பேருக்குக் கீழே என்றால் அந்த மொழி எப்போது வேண்டுமானாலும் நிற்கும். மாற்றல் வரும் வேலையில் இருப்பவர்கள், போகக்கூடிய ஊர்ப் பள்ளிகளில் அந்த மொழி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, இப்போது படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பிரெஞ்சு வரிக்கு மேலே பென்சிலில் "கொமாந் ஸ வா" என்று தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருந்தால், முதல் மாதம் பரவாயில்லை. மூன்றாவது ஆண்டு நோட்டிலும் அந்தப் பென்சில் வரி இருந்தால் அந்த வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை.

சி.பி.எஸ்.இ.-யில் ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்யும் மொழியைத்தான் பத்தாவதில் எழுத வேண்டும். ஆகவே நோட்டைப் புரட்டுவதை எட்டாம் வகுப்பு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.